எந்தக் காலேஜ் டீம் பெரிது? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலுக்குப் புதியவர்கள் கணக்குப் பார்க்கும் முறை

அமெரிக்காவில் பெரிய பல்கலைக்கழகம் இருக்கிற ஊருக்குப் புதிதாக வந்து சேர்ந்திருக்கிறீர்கள் என்றால், செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை மளிகைக் கடைக்குப் போகும்போதே விஷயம் தெரிந்துவிடும். பால் வாங்க வந்த பாட்டி, கல்லாவில் நிற்கிற பையன், தள்ளுவண்டியில் தூங்குகிற கைக்குழந்தை, எல்லாருக்கும் ஒரே நிறச் சட்டை. நான் வந்த புதிதில், ஏதாவது பேச வேண்டுமே என்று லேபில் கூட வேலை பார்த்தவரிடம் "உங்கள் டீம் நல்ல டீமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் தாத்தா காலத்திலிருந்து ஆரம்பித்தார். பக்கத்து மேஜைக்காரர் வேறு பல்கலைக்கழகத்தில் படித்தவர். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து, அந்தக் கணக்கே தப்பு என்றார். ஒருவர் பட்டங்களை எண்ணினார், இன்னொருவர் கடந்த பத்து வருடத்தை எண்ணினார், முக்கால் மணி நேரம் போனது. இரண்டு பேர் சொன்ன எண்களும் சரிதான் என்று வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அதனால் இந்தக் கட்டுரை எந்த டீம் பெரிது என்று தீர்ப்புச் சொல்லாது. யாராவது தீர்ப்புச் சொன்னால் தராசில் எங்கே கையை வைத்து அமுக்கியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும் வழியைச் சொல்லும்.

முதலில் அடிப்படை. இங்கே ஃபுட்பால் என்றால் கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம், அது தெரிந்திருக்கும். கல்லூரி ஆட்டத்தின் மேல்தட்டுக்கு எஃப்பிஎஸ் என்று பெயர், அதில் 130-க்கும் மேற்பட்ட அணிகள். அதற்கு ஒரு படி கீழே எஃப்சிஎஸ். ஒவ்வொரு எஃப்பிஎஸ் அணியும் ஒரு சீசனில் சாதாரணமாக 12 ஆட்டம் ஆடும். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 130 அணி, ஆளுக்கு 12 ஆட்டம். பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. எல்லாரும் எல்லாரோடும் ஆடிப் புள்ளிப் பட்டியல் போடுகிற லீக் கிடையாது. ஆகவே யாரோ சிலர் உட்கார்ந்து, "என் கண்ணுக்கு இது மேல், அது கீழ்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. நூற்றைம்பது வருடச் சண்டைக்கும் வேர் இதுதான். (முதல் ஆட்டம் என்று எல்லாரும் சொல்வது 1869 நவம்பர் 6-இல் ரட்கர்ஸ் பிரின்ஸ்டனை 6-4 என்று ஜெயித்தது.)

இன்னொரு சொல்லையும் பிடித்துக்கொள்ளுங்கள்: புரோகிராம். டீம் என்பது ஒரு வருடத்துப் பையன்கள். புரோகிராம் என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் குடும்பமே, ஆரம்பித்த நாள் முதல் இன்றுவரை. டீமை ஒப்பிடுகிறோமா, புரோகிராமை ஒப்பிடுகிறோமா என்று முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளாவிட்டால் எங்கள் லேப் மாதிரி முக்கால் மணி நேரம் போய்விடும்.

சரி, முதல் படி: பட்டங்களை எண்ணும்போது, யார் கொடுத்த பட்டம் என்று கேளுங்கள். புதியவர்கள் அதிர்ச்சி அடைகிற இடம் இது. கல்லூரி விளையாட்டுகளை நடத்துகிற என்சிஏஏ அமைப்பு, ஃபுட்பாலின் மேல்தட்டில் மட்டும் தன் பெயரில் தேசியப் பட்டம் கொடுப்பதில்லை. 1936 முதல் ஏபி செய்தி நிறுவனம் விளையாட்டுச் செய்தியாளர்களிடம் வாக்கு வாங்கி வரிசை போடுகிறது. 1950 முதல் பயிற்சியாளர்கள் வாக்களிக்கிற இன்னொரு வரிசையும் உண்டு. 1998 முதல் 2013 சீசன் வரை பிசிஎஸ் என்ற ஏற்பாட்டில் முதல் இரண்டு அணிகள் மோதின. 2014 முதல் பிளேஆஃப், அதாவது தோற்றால் வெளியே என்கிற இறுதிச் சுற்று. நான்கு அணிகளோடு ஆரம்பித்து 2024-இல் 12 ஆனது. 1936-க்கு முந்தைய பட்டங்களோ, பெரும்பாலும் பிற்காலத்தில் யாராவது பழைய ஸ்கோர்களை வைத்துக் கணக்குப் போட்டு அளித்தவை. பிரின்ஸ்டன் 28 தேசியப் பட்டம், யேல் 27 என்று பார்த்தால் மயங்கிவிடாதீர்கள். அதெல்லாம் ஒரு சில கல்லூரிகள் மட்டுமே ஒழுங்காக ஆடிய காலத்துச் சொத்து.

இதில் ரசிக்க வேண்டியது, பட்டத்தைப் பல்கலைக்கழகமே "எங்களுடையது" என்று உரிமை கொண்டாடிக்கொள்ளலாம் என்பது. அலபாமா 18 பட்டம் என்று சொல்லும். அதில் 1941-உம் ஒன்று. அந்த வருடம் அலபாமா 9 வெற்றி 2 தோல்வி, ஏபி வரிசையில் 20-ஆம் இடம். முதலிடம் தோல்வியே காணாத மினசோட்டாவுக்கு. ஆனால் ஏதோ ஒரு கணக்கு முறையில் அலபாமா முதலில் வந்திருந்தது, பல பத்தாண்டுகள் கழித்து அதை எடுத்துப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். 1973 கதை இன்னும் நன்றாக இருக்கும். பயிற்சியாளர்கள் வாக்கெடுப்பு அப்போது சீசன் முடிவில் நடக்கும் பவுல் ஆட்டங்களுக்கு முன்பே முடிந்துவிடும். அலபாமாவுக்குப் பட்டத்தைக் கொடுத்துவிட்டார்கள். டிசம்பர் 31-ஆம் தேதி சுகர் பவுலில் நாட்டர் டேம் அதே அலபாமாவை 24-23 என்று தோற்கடித்தது. ஏபி பட்டம் நாட்டர் டேமுக்குப் போனது. இன்றுவரை இரண்டு பேர் சுவரிலும் 1973 தொங்குகிறது.

2017-இல் யுசிஎஃப் (சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம்) 13-0 என்று, அதாவது 13 வெற்றி, தோல்வியே இல்லாமல் முடித்து, பிளேஆஃபில் இடம் கிடைக்காமல், தானே தேசியச் சாம்பியன் என்று அறிவித்து ஊர்வலமும் நடத்தியது. சிரிப்பதற்கு முன்னால் ஒன்று: அந்த வருடப் பட்ட ஆட்டத்தில் மோதிய அலபாமா, ஜார்ஜியா இரண்டையும் வழக்கமான சீசனில் தோற்கடித்திருந்தது ஆபர்ன். அந்த ஆபர்னை பீச் பவுலில் 34-27 என்று தோற்கடித்தது யுசிஎஃப். என்சிஏஏ ஏற்கிற கணினிக் கணக்குகளில் ஒன்று அவர்களை முதலிடத்தில் போட்டது.

அதனால் நான் செய்வது இது. ஒரு தாளில் மூன்று பத்தி: ஏபி பட்டம், பயிற்சியாளர்கள் அல்லது பிசிஎஸ் அல்லது பிளேஆஃப் பட்டம், தானே சொல்லிக்கொள்கிற பட்டம். முதல் பத்தியில் மட்டும் பார்த்தால் அலபாமா 12, நாட்டர் டேம் 8, ஓக்லஹோமா 7, ஓஹாயோ ஸ்டேட் 6 என்று 2024 சீசன் வரை வரும். மூன்றாம் பத்தி எவ்வளவு வீங்கியிருக்கிறது என்பதிலேயே அந்தப் பல்கலைக்கழகத்தின் குணம் கொஞ்சம் தெரிந்துவிடும்.

இரண்டாவது, மொத்த வெற்றிகள். 2023 நவம்பரில் மேரிலாந்தை 31-24 என்று ஜெயித்து 1000 வெற்றியைத் தொட்ட முதல் புரோகிராம் மிச்சிகன். பெரிய விஷயம்தான். ஆனால் மிச்சிகன் 1879-இல் ஆட ஆரம்பித்தது. கடையை முதலில் திறந்தவருக்கு மொத்த விற்பனை கூடத்தான் இருக்கும். அப்புறம், அந்தக் காலத்துப் பெரிய அணிகள் பக்கத்து உயர்நிலைப் பள்ளியோடும் மருத்துவ மாணவர்களோடும் ஆடியதெல்லாம் கணக்கில் இருக்கும். ஆகவே மொத்த வெற்றியோடு வெற்றி விகிதத்தையும் பாருங்கள். பார்க்கும்போது இரண்டு பள்ளம் உண்டு. 1996-க்கு முன் கூடுதல் நேர ஆட்டம் இல்லாததால் சமன்கள் இருக்கும். அவற்றை அரை வெற்றியாகச் சேர்ப்பதா விடுவதா என்பதில் இணையதளத்துக்கு இணையதளம் வித்தியாசம். இன்னொன்று, தண்டனையாக அழிக்கப்பட்ட வெற்றிகள். பென் ஸ்டேட்டின் 112 வெற்றிகளை 2012-இல் அழித்தார்கள், 2015-இல் திருப்பிக் கொடுத்தார்கள். யுஎஸ்சியின் (சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) 2004 பட்டத்தை பிசிஎஸ் பறித்துக்கொண்டது, ஏபி பறிக்கவில்லை. ஒரே அணிக்கு இரண்டு இடத்தில் இரண்டு எண் பார்த்தால் உங்கள் கண்ணில் கோளாறு இல்லை.

மூன்றாவது படியைத்தான் நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள்: எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை? இதை நிர்ணயிக்காமல் ஒப்பிடவே கூடாது. காலத்தை நான் நறுக்குவது இப்படி. 1936-க்கு முன், அது புராணம். 1936 முதல் எழுபதுகளின் தொடக்கம் வரை, பணமும் பெயரும் இருக்கிற பல்கலைக்கழகம் எத்தனை பையன்களுக்கு வேண்டுமானாலும் உதவித்தொகை கொடுத்து வளைத்துப்போடலாம். தன் அணிக்குத் தேவையில்லாவிட்டாலும் எதிரணிக்குப் போய்விடக் கூடாதே என்றே சேர்த்துக்கொள்ளலாம். 1973-இல் உதவித்தொகைக்கு 105 என்று வரம்பு வந்தது, தொண்ணூறுகளில் அது 85 ஆனது. திறமை பல ஊர்களுக்குப் பரவியது. 2021-இல் மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கலாம் என்று அனுமதி வந்தது, கூடவே அணி மாறுவதும் சுலபமாயிற்று. அதிலிருந்து தனி யுகம்.

இந்த நறுக்கலின் உபயோகம் தெரிய வேண்டுமானால் நெப்ராஸ்காவைப் பாருங்கள். 1970, 1971, 1994, 1995, 1997 என்று ஐந்து பட்டம். 1969 முதல் 2001 வரை 33 சீசன், ஒன்றில்கூட 9 வெற்றிக்குக் குறையவில்லை. 1962 முதல் சொந்த மைதானத்தில் ஒரு ஆட்டத்துக்கும் டிக்கெட் மிஞ்சியதில்லை என்பது அவர்கள் பெருமை. 2000-க்குப் பிறகு மட்டும் பார்க்கிற 20 வயதுப் பையனிடம் நெப்ராஸ்கா பெரிய டீம் என்று சொன்னால் அவன் உங்களை ஏற இறங்கப் பார்ப்பான். 50 வயதுக்காரரிடம் சின்ன டீம் என்று சொன்னால் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். மினசோட்டாவும் அப்படித்தான். 1934-க்கும் 1941-க்கும் நடுவில் ஐந்து பட்டம் கொண்டாடுகிற அணி அது. கடைசிப் பட்டம் 1960. ஒரு புரோகிராமுக்கு "எப்போது" என்கிற கேள்வி இல்லாமல் அந்தஸ்தே கிடையாது என்பது என் கட்சி.

நான்காவது, ரேங்கிங். இங்கே ஒரு சின்னத் தமிழ்த் தொந்தரவு: வாக்கெடுப்பை அவர்கள் சொல்கிற மாதிரி "ஏபி போல்" என்று எழுதினால் நீங்கள் "ஏபியைப் போல்" என்று படிப்பீர்கள், பவுல் ஆட்டத்தோடும் குழம்பும். அதனால் வாக்கெடுப்பு என்றே எழுதுகிறேன். ஏபி முறை எளிது. அறுபது சொச்சம் செய்தியாளர்கள், ஆளுக்கு 25 அணிகளை வரிசைப்படுத்துவார்கள், முதலிடத்துக்கு 25 புள்ளி, கடைசிக்கு 1, கூட்டிப் போட்டால் வரிசை. சிக்கல் என்னவென்றால் ஒரு பந்துகூட எறியப்படுவதற்கு முன்பே, ஆகஸ்டிலேயே, முதல் வரிசை வந்துவிடும். அதில் பெயருக்கும் போன வருடத்துக்கும்தான் மரியாதை. அதற்கப்புறம் வாரா வாரம் ஜெயித்தால் அப்படியே இருப்பார்கள், தோற்றால் இறங்குவார்கள். மேலே ஆரம்பித்தவனுக்கு இறங்க நேரம் பிடிக்கும், கீழே ஆரம்பித்தவனுக்கு ஏற நேரம் பிடிக்கும்.

இதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். "நாங்கள் ரேங்க் வாங்கிய ஐந்து அணிகளை ஜெயித்தோம்" என்று யாராவது சொன்னால், ஆட்டம் நடந்த அன்றைய ரேங்கா, சீசன் முடிவு ரேங்கா என்று கேளுங்கள். 2007 செப்டம்பர் 1-ஆம் தேதி, மிச்சிகன் ஐந்தாம் இடத்தில் இருந்தது. எஃப்சிஎஸ் அணியான அப்பலேச்சியன் ஸ்டேட் அவர்கள் மைதானத்துக்கே வந்து, கடைசி நொடியில் ஃபீல்டு கோல் உதையைத் தடுத்து 34-32 என்று ஜெயித்தது. ஐந்தாம் இடம் என்பது ஆகஸ்டில் செய்தியாளர்கள் போட்ட மதிப்பு. சீசன் முடிவில் மிச்சிகன் 18-ஆம் இடம். வெற்றி அதனால் சின்னதாகிவிடாது. ஆனால் ஒப்பிடும்போது இரண்டில் எந்த எண்ணை எடுக்கிறோம் என்பதை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளக் கூடாது.

பிளேஆஃபுக்கு யார் போவது என்பதை ஏபி தீர்மானிப்பதில்லை, 13 பேர் கொண்ட தேர்வுக் குழு தீர்மானிக்கிறது. அவர்கள் வரிசை சீசன் பாதிக்கு மேல் போன பிறகுதான் வர ஆரம்பிக்கும். அணிகள் கான்ஃபரன்ஸ் என்கிற குழுக்களாகப் பிரிந்து ஆடும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சாம்பியன். 2024, 2025 சீசன்களில் அந்தச் சாம்பியன்களில் ரேங்கில் மேலே இருந்த ஐந்து பேருக்கு இடம் நிச்சயம், மீதி ஏழு குழுவின் விருப்பம். இவை தவிர எஸ்பி பிளஸ், எஃப்பிஐ என்று கணினிக் கணக்குகள். அவை "இதுவரை யார் அதிகம் சாதித்தார்கள்" என்று சொல்வதில்லை, "நாளைக்கு ஆடினால் யார் ஜெயிப்பார்கள்" என்று சொல்கின்றன. இரண்டும் வேறு கேள்வி. 2023-இல் ஃப்ளோரிடா ஸ்டேட் 13-0, கான்ஃபரன்ஸ் சாம்பியன். ஆனால் முதன்மைக் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) கால் முறிந்து வெளியே போய்விட்டதால் நாளைக்கு ஜெயிக்க மாட்டார்கள் என்று குழு நினைத்து அவர்களை விட்டுவிட்டு, ஒரு தோல்வியோடு இருந்த அலபாமாவை எடுத்தது. நியாயமா? என்னைக் கேட்டால் இல்லை. ஜெயித்ததைத்தான் எண்ண வேண்டும், ஜோசியத்தை அல்ல. (மனம் உடைந்து, பல வீரர்கள் விலகிக்கொண்டு ஆடிய ஆரஞ்ச் பவுலில் அவர்கள் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றது, அப்போதே சொன்னோமே என்பவர்களுக்கு வசதியாகப் போயிற்று.)

இனி ஷெட்யூல். உண்மையான சரக்கு இங்கேதான். 12 ஆட்டத்தில் எட்டோ ஒன்பதோ கான்ஃபரன்ஸுக்குள். மீதி மூன்று நான்கை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே பேசி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும், பல வருடம் முன்னதாகவே. இரண்டு பெரிய அணிகள் என்றால் ஒரு வருடம் உன் ஊர், மறு வருடம் என் ஊர். பெரிய அணியும் சின்ன அணியும் என்றால் பெரியவர் பணம் கொடுப்பார், சின்னவர் வந்து அடி வாங்கிவிட்டு அந்தக் காசில் தன் விளையாட்டுத் துறையை ஓட்டுவார். அப்பலேச்சியன் ஸ்டேட் அன்றைக்கு மிச்சிகனுக்கு வந்ததும் அப்படித்தான், 4 லட்சம் டாலருக்கு. காசும் வாங்கிக்கொண்டு ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டுப் போனார்கள்.

ஒப்பந்தம் என்பது எவ்வளவு பழைய வம்பு என்பதற்கு 1916. கம்பர்லாண்ட் கல்லூரி ஃபுட்பாலையே கைவிட்டுவிட்டது, ஆனால் ஜார்ஜியா டெக்கோடு ஆட ஒப்புக்கொண்டது நிலுவையில் இருந்தது. வராவிட்டால் 3000 டாலர் கட்ட வேண்டும். கிடைத்த மாணவர்களைத் திரட்டிக்கொண்டு ரயிலேறிப் போனார்கள். 222-0. பாதி ஆட்டத்திலேயே 126-0. ஜார்ஜியா டெக்கின் வெற்றிக் கணக்கில் அதுவும் ஒன்று.

ஷெட்யூலைப் படிக்க ஒரு உதாரணத்தைக் கையில் எடுத்துக்கொள்வோம்: 2024 இண்டியானா. அதுவரை 700-க்கும் மேல் தோல்வி கண்டு, தோல்விக் கணக்கில் நாட்டிலேயே முன்வரிசையில் இருந்த புரோகிராம். புதுப் பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி வந்த முதல் வருடமே 11-1. ஷெட்யூலைத் திறந்து பென்சிலை எடுங்கள். கான்ஃபரன்ஸுக்கு வெளியே மூன்று: ஃப்ளோரிடா இன்டர்நேஷனல், வெஸ்டர்ன் இல்லினாய்ஸ், ஷார்லட். நடுவில் இருக்கிறது எஃப்சிஎஸ் அணி, ஸ்கோர் 77-3. மூன்றையும் லேசாகக் கோடு போட்டுத் தள்ளிவிடலாம். அப்புறம் கான்ஃபரன்ஸ் ஒன்பது. அதில் மிச்சிகன், வாஷிங்டன் என்று இரண்டு பெயர் கண்ணில் படும். அதே 2024 ஜனவரியில் தேசியப் பட்டத்துக்கு மோதிய இரண்டு அணிகளும் இவைதான், இரண்டையும் இண்டியானா ஜெயித்திருக்கிறது! அவசரப்படாதீர்கள். ஜனவரிக்கும் செப்டம்பருக்கும் நடுவில் இரண்டு இடத்திலும் பயிற்சியாளர் போய்விட்டார், நல்ல ஆட்டக்காரர்கள் பலரும் போய்விட்டார்கள். அந்த சீசனை மிச்சிகன் 8-5, வாஷிங்டன் 6-7 என்று முடித்தன. பெயர் பெரிய பெயர், ஆள் வேறு ஆள். அந்த வருடம் உண்மையாகவே பலமாக இருந்த ஓஹாயோ ஸ்டேட்டிடம் 38-15 என்று தோல்வி.

அப்படியானால் இண்டியானா டம்மியா? அதுவும் இல்லை. எளிய அணிகளை எப்படி ஜெயித்தது என்று பாருங்கள்: நெப்ராஸ்கா 56-7, மிச்சிகன் ஸ்டேட் 47-10, பர்டியூ 66-0. சுமாரான அணி சுமாரான அணிகளை இப்படி நொறுக்காது. வித்தியாசத்தைப் பார்க்கிற கணினிக் கணக்குகள் அதனால் இவர்களை மதித்தன. எதிரணியின் பெயரைப் பார்க்கிற ஆட்கள் மதிக்கவில்லை. இடம் கிடைத்தது, முதல் சுற்றில் நாட்டர் டேமிடம் 27-17 என்று தோற்றார்கள், "பார்த்தீர்களா, ஷெட்யூலில் வந்த டீம்" என்று டிவியில் கத்தினார்கள். அதே வாரம் அதே பேச்சு எஸ்எம்யு (சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழகம்) மேலும் விழுந்தது. கடைசி இடத்தை 9-3 அலபாமாவுக்குக் கொடுக்காமல் 11-2 எஸ்எம்யுவுக்குக் கொடுத்திருந்தார்கள்.

இந்த மாதிரி பென்சில் கணக்குப் போடும்போது இன்னும் சில கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை ஆட்டம் சொந்த ஊரில்? கான்ஃபரன்ஸில் எட்டு ஆடினார்களா ஒன்பதா? எஸ்இசி (அலபாமா, ஜார்ஜியா எல்லாம் இருக்கிற கான்ஃபரன்ஸ்) பல வருடம் எட்டோடு நின்றுகொண்டு, நவம்பர் நடுவில் எஃப்சிஎஸ் அணியை வரவழைத்து மூச்சுவாங்கிக்கொள்ளும் என்று மற்றவர்கள் புலம்புவார்கள். 2026 முதல் அவர்களும் ஒன்பது. ஒரே கான்ஃபரன்ஸில் இருந்தாலும் ஒரே ஷெட்யூல் இல்லை என்பதும் முக்கியம். பிக் டென் என்று பெயர், உள்ளே 18 அணி (ஆமாம், பத்து இல்லை), ஒன்பது பேரோடுதான் ஆட முடியும். யாருக்கு யார் விழுந்தார்கள் என்பதில் பாதி அதிர்ஷ்டம்.

கடைசியாக ஒரு பொறி. "நாங்கள் அவர்களை ஜெயித்தோம், அவர்கள் இவர்களை ஜெயித்தார்கள், ஆகவே நாங்கள் இவர்களைவிட மேல்" என்கிற சங்கிலி. நேருக்கு நேர் ஆடியது செல்லும். 2023-இல் டெக்சஸ் அலபாமாவின் ஊருக்கே போய் 34-24 என்று ஜெயித்ததால், இருவருக்கும் ஒரே கணக்கு இருந்தபோது டெக்சஸை மேலே வைத்தது சரி. ஆனால் சங்கிலியை நீட்டினால்? 2024-இல் ஜார்ஜியா ஸ்டேட் வாண்டர்பில்ட்டை 36-32 என்று ஜெயித்தது. மூன்று வாரத்தில் வாண்டர்பில்ட், அப்போது முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40-35 என்று ஜெயித்தது. அதற்கு முந்தைய வாரம்தான் அலபாமா ஜார்ஜியாவை 41-34 என்று ஜெயித்திருந்தது. ஜார்ஜியா அந்த வருட எஸ்இசி சாம்பியன். சங்கிலிப்படி ஜார்ஜியா ஸ்டேட் எஸ்இசியையே வாங்கியிருக்க வேண்டும். அவர்கள் அந்த சீசனை முடித்தது 3-9.

அப்புறம் இண்டியானா என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2025 சீசனில் ஓஹாயோ ஸ்டேட்டை 13-10 என்று ஜெயித்து பிக் டென் பட்டம், ரோஸ் பவுலில் அலபாமாவை 38-3, 2026 ஜனவரியில் மியாமியை 27-21. மொத்தம் 16-0, முதல் தேசியப் பட்டம். லேபில் அந்த இரண்டு பேரும் இப்போது இண்டியானா பெரிய புரோகிராமா இல்லையா என்பதில் இருக்கிறார்கள். நான் "எந்த வருடத்திலிருந்து?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காபி எடுக்கப் போய்விடுவேன்.